நீச்சலுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கப் போறீங்களா?

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. இப்போது எங்கள் ஆம்பூர் பக்கத்துப் பிள்ளைகளும் நீச்சல், அலைச்சறுக்கு என்று ஆசைப்படுகிறார்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கணக்குச் சொல்ல ஸ்மார்ட் வாட்சும் வேணுமாம்! வாங்குமுன் இதைக் கவனியுங்கள், சகோதரிகளே.

பெட்டியில் ‘50 மீட்டர்’ என்று போட்டிருந்தால், 50 மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தமல்ல. அசையாத தண்ணீரின் அழுத்தத்தில் சோதித்த கணக்கு அது. நீச்சலுக்குப் போதும், ஆழத்தில் முக்குளிக்க ஆகாது.

நீச்சல் குளத்தின் நீளத்தை, 25 மீட்டரோ 50 மீட்டரோ, முதலில் வாட்சில் பதிந்துவிடுங்கள். கைவீச்சை வைத்துத்தான் அது எண்ணும். பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்தால் கணக்கு தப்பும். நாடித்துடிப்பும் தண்ணீருக்குள் சரியாக வராமல் போகலாம்.

தோல் பட்டை வேண்டவே வேண்டாம். தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லணுமா? ஊறி ஊறிக் காய்ந்தால் விறைத்து வெடித்துவிடும். சிலிக்கோன் பட்டைதான் நல்லது. கடலில் இறங்கி வந்தால், உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. வாட்ச் எண்ணும், காவல் காக்காது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சல் போடுவதில்லை, சத்தமில்லாமல்தான் மூழ்கும். ஆகவே சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது, நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும். கடலென்றால் பயிற்சியாளர் கட்டாயம். வாட்ச் அப்புறம்தான்!