சித்தன்னவாசலுக்கு ஃபில்டர் எதற்கு?

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாம் நிறைந்த அந்த ஓவியத்தை, மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் செய்த திருப்பணியோடு சேர்த்து 9-ஆம் நூற்றாண்டினது என்கிறார்கள். நேரில் பார்த்தால் பல இடங்களில் உதிர்ந்து, மங்கிக் கிடக்கிறது. செல்பேசியை உயர்த்தி ஒரு படம் எடுத்தால் திரையில் இலைகள் பளிச்சென்ற பச்சையில் வந்து நிற்கின்றன. ஓவியத்துக்கு உயிர் திரும்பிவிடவில்லை. செல்பேசியின் மென்பொருள் நொடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, இருட்டை வெளுத்து, நிறத்தை ஏற்றி, விளிம்புகளைக் கூராக்கித் தந்திருக்கிறது. இன்ஸ்டாகிராமில் லைக் வாங்க அந்தப் படம் போதும். பத்து ஆண்டு கழித்து ஓவியம் இன்னும் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று ஒப்பிட நினைப்பவருக்கு அது எதற்கும் உதவாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கேமராவும் கையுமாகத் திரியும் ஆர்வலர்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எடுக்கும் படம் நாளைக்கும் பேச வேண்டுமானால், கை வைக்காத மூலக் கோப்பு ஒன்று பத்திரமாக இருந்தாக வேண்டும்.

இதன் அருமையைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராசரும் விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரரும் ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களில் போய்ச் சேர்ந்திருந்தன. 2014-இல் அவை இந்தியாவிடம் திருப்பித் தரப்பட்டன. அவை நம்முடையவை என்று நிறுவ உதவியவற்றில் முக்கியமானவை, சிலைகள் கோயிலில் இருந்தபோதே எடுக்கப்பட்டு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த படங்கள். அந்தப் படங்களில் அழகுக்காக எதுவும் செய்யப்படவில்லை. சிலையை நேராக வைத்து, முழு உருவமும் விளங்கும்படி எடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில் என்று குறித்து வைத்தார்கள். சிலை இருந்தபடியே பதிவானதால்தான் இதுவே அது என்று சொல்ல முடிந்தது. இன்றைய ‘அழகூட்டும்’ வசதியில் சிலையின் தழும்புகள் மழுங்கியிருந்தால் சாட்சியும் அதோடு மழுங்கியிருக்கும்.

புதுக்கோட்டைக்கும் ஒளிப்படத்துக்கும் உள்ள உறவு பழையது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856-இல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளியோடு புதுக்கோட்டையையும் படமெடுத்தார். 1858-இல் புதுக்கோட்டைக் காட்சிகளுக்கென்றே தனித் தொகுதி வெளிவந்தது. மெழுகு பூசிய பெரிய தாள் நெகட்டிவ்களை இந்த வெயிலில் கையாண்டவர் அவர். அந்தத் தாளில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும் என்பதால், நெகட்டிவ் மீது தூரிகையால் மேகங்களையும் இலைகளையும் வரைந்து சேர்த்தார். ஃபோட்டோஷாப் வருவதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்த திருத்தம் இது. ஆனாலும் அவர் படங்களை ஆய்வாளர்கள் ஆவணமாக நம்புகிறார்கள். அவருடைய நெகட்டிவ்கள் பல இன்றும் இருப்பதால், ஒளி பதித்தது எது, தூரிகை சேர்த்தது எது என்று பிரித்துப் பார்த்துவிட முடிகிறது. படத்தைத் திருத்துவதில் தவறில்லை. திருத்துவதற்கு முன் இருந்ததைத் தொலைப்பதுதான் தவறு. நம்முடைய நெகட்டிவ், கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா (RAW) கோப்பு. நல்ல செல்பேசிகள் பலவற்றில் ‘ப்ரோ’ முறைக்குப் போனால் அந்த வசதி கிடைக்கிறது. அதிக இடம் பிடிக்கும் என்று சொல்லி அதை அணைத்து வைப்பது, நெகட்டிவைக் குப்பையில் போட்டுவிட்டுப் பிரிண்டை மட்டும் வைத்துக்கொள்வதற்குச் சமம்.

மூலம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதில் விவரம் விழுந்திருக்கவும் வேண்டும். அங்கேதான் நுட்பம் வருகிறது. அது பெரும்பாலும் விலை இல்லாதது. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். பல்லவ கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாகச் சுரங்கள் பொறித்த பாறை அது. சில சுர எழுத்துகளின் தலையில் சிறு புள்ளிகள் உண்டு. அவற்றின் பொருள் பற்றி ஆய்வாளர்கள் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. உச்சி வெயிலில் நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் உளி வைத்த புள்ளியும் காலம் அரித்த குழியும் ஒன்றுபோலத் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் பாறையை ஒட்டிச் சாய்ந்து விழும்போது எடுத்தால் வெட்டின் ஒரு விளிம்பு ஒளிரும், மறு விளிம்பு நிழலாகும். வெட்டு எது, சிதைவு எது என்று கண் பிரித்துவிடும். நிழலான இடங்களில் இந்த வேலையைப் பக்கவாட்டில் பிடித்த ஒரு டார்ச் செய்துவிடும். எழுத்து தெரிய வேண்டும் என்று கல்லில் சாக்பீஸையும் மாவையும் தேய்க்கும் வழக்கத்துக்கு அப்புறம் வேலையே இல்லை. கேமராவை அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் சுற்றிச் சுற்றி நகர்த்திப் பல படங்கள் எடுத்தால், அவற்றைச் சேர்த்துக் கணினியில் ஒளியை விரும்பிய திசைக்குத் திருப்பிப் பார்க்கும் முறையும் இருக்கிறது. எச்.பி. ஆய்வகத்தில் 2001-இல் உருவான அந்த முறைக்கு இன்று இலவச மென்பொருள்களே கிடைக்கின்றன. வெளிறிப்போன பாறை ஓவியங்களின் நிறங்களைப் பிரித்துக் காட்டும் டிஸ்ட்ரெட்ச் மென்பொருளை உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். இதெல்லாமும் திருத்தம்தான். ஆனால் என்ன செய்தோம் என்பது தெரியும். மூலப்படத்தைக் கொடுத்தால் இன்னொருவரும் அதையே செய்து சரிபார்க்கலாம்.

செல்பேசி தானாகச் செய்யும் திருத்தத்தில் அந்தச் சரிபார்ப்புக்கு வழியில்லை. 2023-இல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, சாம்சங் செல்பேசியில் படமெடுத்துக் காட்டினார். மூலத்தில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் வந்து சேர்ந்திருந்தன. நிலாவுக்கு நடந்தது கல்வெட்டுக்கு நடக்காது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? கருங்கல்லின் சொரசொரப்பை எழுத்தின் கோடாக மென்பொருள் கூராக்கிவிட்டால், படத்தை மட்டும் பார்த்துப் படிப்பவர் இல்லாத எழுத்தைப் படிப்பார். அதனால் ஆவணத்துக்கான படத்தில் செயற்கை நுண்ணறிவு மேம்பாட்டை அணைத்துவிட வேண்டும். ஓர் ஓரத்தில் அளவுகோலும் சாம்பல் நிற அட்டையும் வைத்து ஒரு படமாவது எடுக்க வேண்டும். நிறம் பிசகியிருந்தால் அந்த அட்டையை வைத்துத்தான் நேர்செய்ய முடியும். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். தேதியும் கேமரா விவரங்களும் உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

ஒளிப்படம் ஒரு கலை, ஆர்வலரைக் கணக்கெழுதும் குமாஸ்தா ஆக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரத்தின் பின்னால் சூரியன் இறங்குவதை எப்படியும் எடுக்கலாம். எந்த நிறத்தையும் ஏற்றலாம். அதற்கு முன் ஒரு நேர்மையான படம் எடுத்து வைக்க இரண்டு நிமிடம்தான் ஆகும், கலைக்கு அதனால் குறை ஏதும் வராது. விலை உயர்ந்த கருவி இல்லாமல் இதெல்லாம் ஆகுமா என்பது அடுத்த தயக்கம். சாய்ந்த ஒளி, அசையாத கை, குறிப்பேடு மூன்றும் இருந்தால் சாதாரணச் செல்பேசி தரும் படம், கவனமில்லாதவர் கையில் இருக்கும் லட்ச ரூபாய் கேமரா தருவதைவிட மேலானதாக இருக்கும்.

படம் போட்டால் திருடர்களுக்கு வழி காட்டியதாகிவிடாதா என்ற அச்சத்தைத்தான் எளிதில் தள்ள முடியாது. காவலற்ற வயல்வெளியில் நிற்கும் நடுகல்லின் இருப்பிடத்தை முகநூலில் துல்லியமாகப் போடக் கூடாது. அந்த விவரம் போய்ச்சேர வேண்டிய இடங்கள் வட்டாட்சியர் அலுவலகமும் அருங்காட்சியகமும். எடுக்காமலே விட்டால் திருடனுக்கு இன்னும் வசதி. படமே இல்லாத சிலைக்கு உரிமை கோருவது கடினம். சட்ட வரம்புகளும் உண்டு. வழிபாட்டிலுள்ள கோயில்களில் செல்பேசிக்குத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. இந்தியத் தொல்லியல் துறையின் இடங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். ஓவியங்களின் முன் ஃபிளாஷ் கூடவே கூடாது; நேராகப் பாயும் அந்த வெளிச்சம் சுவரின் மேடுபள்ளத்தைத் தட்டையாக்கிப் படத்தையும் கெடுக்கும்.

இதையெல்லாம் அரசுத் துறைகளே பார்த்துக்கொள்ளாதா என்பார்கள். கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கும் திருமயம் கோட்டைக்கும் பாதுகாப்பு உண்டு. கண்மாய்க் கரையிலும் முந்திரிக் காட்டிலும் சிதறிக் கிடக்கும் நடுகற்கள், தலையில்லாத சமணச் சிற்பங்கள், கல்வட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஆள் போட எந்தத் துறையாலும் முடியாது. ஆய்வாளர்களும் உள்ளூர் ஆர்வலர்களும் விடாமல் கவனித்துவந்த பொற்பனைக்கோட்டையில் 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அகழாய்வு தொடங்கியது. பின்னர் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கே இறங்கியது. ஊர்க்காரர்களின் கண் முதலில் போனால் துறை பின்னால் வரும் என்பதற்கு மாவட்டத்திலேயே இருக்கும் சான்று இது. இனி வேண்டியது ஒரு பொதுச் சேமிப்பிடம். 1910-இல் தொடங்கிய திருக்கோகர்ணம் அருங்காட்சியகமோ மாவட்டத்தின் ஒரு கல்லூரியோ ஒரு சர்வரை ஒதுக்கி, ஊர், தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றோடு மூலக் கோப்புகளை வாங்கி அடுக்கி வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தை அதே கோணத்தில் மாணவர்களைக் கொண்டு மறுபடி எடுக்கச் சொல்லலாம். செலவு சில ஹார்டு டிஸ்குகளும் கொஞ்சம் ஒழுங்கும்தான். ஆர்வலர்கள் இன்றே தொடங்கலாம். ஃபில்டர் போடுவதற்கு முன் மூலத்தை ஒரு பிரதி எடுத்து வைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.