கணனிப் பக்கம்: பூட்டிய றாம் எங்கே போனது?

சுழற்சிக் கடனில் பழைய கணனி வாங்கித் தட்டச்சு வேலை செய்பவர்கள் நம்மில் பலர். 4 கிகாபைற் றாம் பூட்டியும் 3.25 மட்டும் காட்டினால், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே எண்ண வேண்டாம்.

விண்டோஸ் விசையையும் போஸ் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். 32 பிட் என்றிருந்தால் அதுவே காரணமாகலாம். சாதாரண 32 பிட் விண்டோஸ் 4 கிகாபைற்றுக்கு மேல் எடுக்காது. அதிலும் ஒரு பங்கு திரை அட்டை போன்றவற்றுக்குப் போய்விடும். இன்னும் றாம் வாங்குவது வீண்செலவு. புறொசெசர் இடங்கொடுத்தால் 64 பிட் விண்டோஸ் போடலாம். அதற்குமுன் கோப்புகளை வெளியே பிரதியெடுத்து வையுங்கள்.

பாதி மட்டும் காட்டினால், மின்னிணைப்பைக் கழற்றி றாமை வெளியே எடுங்கள். பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, கொளுக்கி விழும்வரை அழுத்திப் பூட்டுங்கள். பின்பு ஒவ்வொன்றாகப் பூட்டிச் சோதியுங்கள். "மதர்போர்ட் பழுது" என்பவரிடம் பணம் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.