காலி நாற்காலி யாருக்கு?

மென்பொருள் வேலையில் இருக்கும் தோழர்கள் அமேசானைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு வியப்பு இருக்கும். கூட்டங்களில் பவர்பாயிண்ட் வேண்டாம் என்று 2004-லேயே ஜெஃப் பெசோஸ் நிறுத்திவிட்டார். சொல்ல வந்ததை ஆறு பக்கத்துக்குள் எழுதிக்கொண்டு வர வேண்டும். எல்லோரும் மௌனமாக உட்கார்ந்து வாசித்த பிறகுதான் பேச்சு. இரண்டு பீட்சாவில் பசியாறாத குழு பெரிய குழு, அதைப் பிரித்துவிட வேண்டும். திரும்பி வரக்கூடிய கதவு என்றால் கீழே இருப்பவர்களே சட்டென்று முடிவெடுக்கலாம். திரும்ப முடியாத கதவுக்குத்தான் நிதானம். மேலதிகாரியை மறுத்துப் பேசுவது கடமை, முடிவானபின் முழு மனதோடு செய்வதும் கடமை என்று விதியே உண்டு.

எனக்கும் இது பிடிக்கும். 'சார்' வாயைத் திறந்தாலே அறை முழுக்கத் தலையாட்டும் அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்? (அந்த ஆறு பக்க ஆங்கிலம் யாருக்குப் பள்ளியிலேயே கிடைத்தது என்பது தனிக் கதை.) ஆனால் இந்த உரிமை எதுவும் கிடங்கின் வாசலைத் தாண்டி உள்ளே போவதில்லை.

அமெரிக்காவின் பால்டிமோர் கிடங்கில் 2017 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், வேகம் போதவில்லை என்று சுமார் 300 பேர் நீக்கப்பட்டதை 2019-இல் வெளியான ஆவணங்கள் காட்டின. கை எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று கணினி அளக்கிறது. எச்சரிக்கையையும் நீக்க உத்தரவையும் அதுவே தயாரிக்கிறது. மேற்பார்வையாளர் நினைத்தால் தடுக்கலாம் என்கிறது நிறுவனம். வேலை போவது ஒரு தொழிலாளிக்குத் திரும்ப முடியாத கதவு. அதற்காக ஆறு பக்கம் எழுதி யாரும் மௌனமாக வாசிப்பதில்லை.

2020 மார்ச் 30 அன்று, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள ஜேஎஃப்கே8 கிடங்கில், கொரோனா பாதுகாப்பு கேட்டு கறுப்பினத் தொழிலாளி கிறிஸ் ஸ்மால்ஸ் வெளிநடப்பை முன்னின்று நடத்தினார். அன்றே அவர் வேலை போனது. தனிமைப்படுத்தல் விதியை மீறினார் என்றது நிர்வாகம். சில நாட்களில், பெசோஸும் கலந்துகொண்ட தலைமைக் கூட்டத்தின் குறிப்புகள் கசிந்தன. ஸ்மால்ஸ் புத்திசாலி அல்ல, கோர்வையாகப் பேசத் தெரிந்தவரும் அல்ல, அதனால் அவரையே இயக்கத்தின் முகமாகக் காட்டிவிடலாம் என்று எழுதியிருந்தார் நிறுவனத்தின் தலைமை வழக்கறிஞர் டேவிட் ஜபோல்ஸ்கி. பிறகு வருத்தம் தெரிவித்தார். எழுதும்போது ஸ்மால்ஸ் கறுப்பர் என்பதே தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். இந்தப் பதிலை நாம் வேறு வடிவில் கேட்டே வளர்ந்திருக்கிறோம்: "நாங்க சாதியெல்லாம் பார்க்கறதில்லைங்க."

'எஸ்-டீம்' எனப்படும் அந்த உச்சிக் குழுவுக்குள் முதல் கறுப்பினத்தவராக அலிசியா போலர் டேவிஸ் வந்தது 2020 ஆகஸ்டில்தான். நிறுவனம் தொடங்கியது 1994-இல்.

அமேசானில் இருப்பது சாதி என்று சொல்ல வரவில்லை. அப்பன் பெட்டி கட்டினால் மகனும் பெட்டிதான் கட்ட வேண்டும் என்று அங்கே விதியில்லை. ஆனால் வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குவது வேறு என்று அம்பேத்கரிடம் கற்றவர்கள் நாம். யோசிக்கிற மூளை ஒரு தட்டில், நொடிக்கணக்கில் அளக்கப்படுகிற உடம்பு இன்னொரு தட்டில் என்றால் அது நம் கண்ணில் படாமல் போகாது.

தொடக்க காலத்தில் பெசோஸ் கூட்டங்களில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவைப்பாராம். அது வாடிக்கையாளருக்கு. அறைக்கே வராதவருக்கு நாற்காலி உண்டு. கிடங்கில் பத்து மணி நேரம் நிற்கிறவருக்கு இல்லை.

புத்தியில்லை என்று எழுதப்பட்ட அதே ஸ்மால்ஸும் தோழர்களும் கிடங்கருகே பேருந்து நிறுத்தத்தில் கூடாரம் போட்டு, வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவந்து பகிர்ந்து, ஒவ்வொருவராகப் பேசிச் சங்கம் கட்டினார்கள். 2022 ஏப்ரல் 1 அன்று வாக்கு எண்ணப்பட்டது: ஆதரவு 2,654, எதிர்ப்பு 2,131. அமெரிக்காவில் அமேசானின் முதல் தொழிற்சங்கம் அது. நிர்வாகம் அந்தத் தேர்தலையே செல்லாததாக்கக் கோரி தொழிலாளர் வாரியத்துக்குப் போனது. முடிவானபின் முழு மனதோடு செய் என்ற விதியை அங்கே யாரும் நினைவுபடுத்தவில்லை போலும்.