‘இயற்கை அரிசிங்க, அதெல்லாம் இருக்காது’

போன தை மாதம் சென்னையில் ஒரு சந்தையில் கடை போட்டிருந்தேன். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கிச்சிலிச் சம்பா மூன்றும் கொண்டு போயிருந்தேன். கைக்குழந்தையோடு ஒரு தங்கை வந்தார். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இதுல ஆர்செனிக் இருக்குமா? பாப்பாவுக்கு ஏழு மாசம், கஞ்சி குடுக்க ஆரம்பிக்கணும். அமெரிக்காவுல இருக்கிற எங்க அக்கா அரிசியை மட்டுமே குடுக்காதேன்னு சொல்றாங்க” என்றார்.

“இயற்கை அரிசிங்கம்மா, அதெல்லாம் இருக்காது” என்றேன். ஐந்து கிலோ பூங்கார் வாங்கிக்கொண்டு போனார்.

திருவண்ணாமலைக்குத் திரும்பும் பேருந்தில்தான் உறுத்தியது. எனக்கு எப்படித் தெரியும்? பதினோரு வருடமாக யூரியா போடவில்லை, மருந்து அடிக்கவில்லை. அது உண்மை. ஆனால் என் போர்த் தண்ணீரை ஒரு நாளும் பரிசோதித்தது கிடையாது. எங்கள் குழு சான்று வாங்க நிரப்பிய படிவத்தில் விதை, எரு, பக்கத்து வயல், வரப்பு என்று எத்தனையோ கேள்விகள் இருந்தன. தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று ஒரு கட்டம்கூட இல்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்காக எழுதுவது. நம்மில் பலரும் அதே பதிலைச் சொல்கிறோம்.

ஆர்செனிக் நமக்குப் புதிதில்லை. வெள்ளைப் பாஷாணம் என்று பாட்டிகள் சொன்னது இதைத்தான். சித்த மருத்துவத்தில் வரும் தாளகமும் மனோசிலையும் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள். தாளகத்துக்கு இன்னொரு பெயர் அரிதாரம். கூத்துக்காரர்கள் முகத்தில் பூசிய மஞ்சள் பொடி அது. இப்போது வெறும் ஒப்பனைக்கே அரிதாரம் என்ற பெயர் நின்றுவிட்டது. மரம் செல்லரிக்காமல் இருக்க, கண்ணாடி செய்ய, மின்னணுச் சில்லு செய்ய என்று இன்றைக்கும் பயன்படுகிறது. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகவும் கொடுக்கிறார்கள்.

உழவுக்குள் அது பூச்சிமருந்தாக நுழைந்தது. டி.டி.டி. வருவதற்கு முன்பு அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுக்கு பாரிஸ் பச்சை, ஆப்பிள் தோட்டத்துக்கு காரீய ஆர்சனேட், பருத்திக் காய் வண்டுக்கு கால்சியம் ஆர்சனேட் என்று டன் டன்னாக அடித்தார்கள். காரீய ஆர்சனேட் 1892-இல் தொடங்கியது. 1988-இல்தான் அங்கே முழுதாகத் தடை வந்தது. ஆர்கன்சாஸ், லூசியானா பக்கம் பழைய பருத்தி நிலங்கள் பல இன்று நெல் வயல்கள். அடித்தவர்கள் செத்து மண்ணாகிவிட்டார்கள், ஆர்செனிக் அப்படியே இருக்கிறது. அது ஒரு தனிமம். நுண்ணுயிரால் அதன் வடிவத்தை மாற்ற முடியும், அழிக்க முடியாது. பஞ்சகவ்யம், அமுதக் கரைசல் எதை ஊற்றினாலும் போகாது. சீனப் பெரணி ஒன்று மண்ணிலிருந்து ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் சேர்க்கிறது என்று 2001-இல் கண்டுபிடித்தார்கள். சரி, அந்தப் பெரணியை அறுத்து எங்கே கொட்டுவது?

அந்தத் தங்கையின் அக்காவுக்குக் கவலை வந்ததில் நியாயம் இருக்கிறது. 2012-இல் அங்கே டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் குழந்தை உணவு மாவுகளைச் சோதித்தபோது, ஆர்கானிக் பழுப்பரிசிப் பாகு சேர்த்த மாவுகளில்தான் ஆர்செனிக் அதிகம் இருந்தது. ஆர்கானிக் என்ற முத்திரை அதைத் தடுக்கவில்லை.

நான் கண்ணால் பார்த்தது வங்காளத்தில். சில வருடம் முன்பு விதைப் பரிமாற்றத்துக்காக மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்துக்குப் போயிருந்தேன். தங்கிய வீட்டுப் பெரியவர் இரண்டு கையாலும் சொம்பை நீட்டினார். உள்ளங்கை முழுக்க மிளகு மிளகாகத் தடிப்பு. மார்பிலும் முதுகிலும் புழுதித் தரையில் தூறல் விழுந்தது போலப் புள்ளிகள். முற்றத்தில் இருந்த அடிபம்பைக் காட்டி, அதுதான் செய்தது என்றார்.

அந்த அடிபம்புகளை யாரும் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. குளத்துத் தண்ணீர் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வங்கதேசத்தில் 1970-களிலிருந்து அரசும் யுனிசெஃபும் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு இறக்கின. கிருமி இல்லாத, கண்ணாடி மாதிரித் தண்ணீர். நிறம், வாசம், ருசி எதிலும் மாற்றம் தெரியாது. காய்ச்சினாலும் ஆர்செனிக் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். இந்தப் பக்கம் 1983-இல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் சாஹா நோயாளிகளைப் பார்த்து இது தண்ணீரால் வருகிறது என்று கண்டுபிடித்தார். வங்கதேசத்தின் 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடிப் பேர் வரை ஆபத்தில் இருக்கிறார்கள் என்று 2000-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் மதிப்பிட்டார்கள். அங்கே கிணறு கிணறாகச் சோதித்து, மோசமானதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை என்று சாயம் பூசினார்கள்.

இதில் எந்தத் தொழிற்சாலையும் கொட்டவில்லை, எந்த மருந்துக் கம்பெனியும் விற்கவில்லை. இமயமலையிலிருந்து வந்த வண்டலில் இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆர்செனிக் அது. ஆழத்தில் காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைக்கும்போது ஆர்செனிக்கும் தண்ணீரில் இறங்குகிறது. முழுக்க முழுக்க இயற்கை.

உடம்பில் அது மெதுவாக வேலை செய்கிறது. முதலில் தோல் புள்ளி, கை கால் தடிப்பு. பிறகு வருடங்கள் கழித்துத் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பையில் புற்றுநோய். இதயநோய், சர்க்கரைநோயோடும் தொடர்பு பேசப்படுகிறது. சிலி நாட்டின் அந்தோஃபகாஸ்தா நகரத்தில் 1958 முதல் 1970 வரை ஆர்செனிக் மிகுந்த ஆற்றுநீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். பிறகு சுத்திகரித்துவிட்டார்கள். ஆனாலும் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சாவுகள் பல பத்தாண்டுகள் குறையாமல் இருந்தன. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் நாட்டுத் தரநிர்ணயமும் இப்போது அதேதான்.

நதியாவில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது வேறொன்று. குடிக்க இப்போது குழாய்த் தண்ணீர் வருகிறது. ஆனால் வயலில் ஓடும் மோட்டார் அதே நிலத்தடி நீரைத்தான் போரோ நெல்லுக்கு இறைக்கிறது. போரோ என்பது அவர்களின் கோடை நெல். மழையில் விளையும் ஆமன் நெல்லைவிட இதில் பொதுவாக ஆர்செனிக் கூடுதல். அந்த அரிசியைத்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள்.

ஏன் நெல்லுக்கு மட்டும் இந்தப் பாடு? தண்ணீர் கட்டிய வயலும் அந்த ஆழத்து வண்டல் மாதிரிதான். காற்று இல்லை, இரும்புத் துரு கரைகிறது, ஆர்செனிக் வெளியே வருகிறது. அந்த வடிவில் அது வேருக்குச் சிலிக்கா மாதிரித் தெரிகிறது. நெல்லோ சிலிக்காவை ஆசையாக எடுக்கும் பயிர். வைக்கோலும் உமியும் அப்படிச் சொரசொரப்பாக இருப்பது சிலிக்காவால்தான். சிலிக்கா போகும் வாசல் வழியாகவே ஆர்செனிக்கும் உள்ளே போகிறது. கோதுமையைவிடப் பத்து மடங்கு வரை நெல் எடுக்கும் என்கிறார்கள்.

அதிலும் தவிட்டில்தான் நிறையத் தங்குகிறது. தீட்டிய அரிசியைவிடக் கைக்குத்தல் அரிசியில் அதிகம். கோடெக்ஸ் உணவுத் தர அமைப்பு கிலோவுக்கு வெள்ளை அரிசியில் 0.2 மில்லிகிராம், உமி மட்டும் நீக்கிய அரிசியில் 0.35 என்று வரம்பு வைத்திருப்பதே இதைச் சொல்லும். தவிடு நல்லது என்று பத்து வருடமாக மேடை போட்டுப் பேசியவன் நான். இப்போதும் அதைத்தான் பேசுவேன், ஆனால் மண்ணும் தண்ணீரும் சுத்தமாக இருந்தால் என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பயமுறுத்த எழுதவில்லை. கங்கைச் சமவெளி அளவுக்கு நம் பக்கம் ஆர்செனிக் தொல்லை கிடையாது. தருமபுரி, கிருஷ்ணகிரியில் போர்த் தண்ணீரில் வருவது ஃபுளோரைடு. பல்லில் காவி படிந்த பிள்ளைகளை அங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதுவும் பாறையிலிருந்து வரும் இயற்கைச் சரக்கு. ஆழத்திலிருந்து எதை மேலே இழுக்கிறோம் என்று பார்க்காமல் இழுப்பதுதான் இரண்டு இடத்திலும் நடந்தது.

இன்னொரு வாசலும் இருக்கிறது. கோழி எரு. அமெரிக்காவில் 1940-களிலிருந்து ராக்சர்சோன் என்ற ஆர்செனிக் மருந்தைக் கோழித் தீவனத்தில் கலந்தார்கள். இரத்தக் கழிச்சலுக்கும் எடை கூடவும் கொடுத்தது. பெரும்பகுதி எச்சத்தில் வெளியே வந்து வயலுக்குப் போனது. கோழி ஈரலில் நச்சு வடிவ ஆர்செனிக் கண்டதால் 2011-இல் விற்பனையை நிறுத்தினார்கள். நான் மூன்று வருடம் ஒரு பண்ணையிலிருந்து வண்டி வண்டியாகக் கோழி எரு வாங்கினேன். தீவனத்தில் என்ன கலக்கிறீர்கள் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. வாடை போதும், எரு என்று நம்பிவிட்டேன்.

அமெரிக்க ஆர்கானிக் விதியில் இயற்கைப் பொருள் பொதுவாக அனுமதி. ஆனால் இயற்கையாக இருந்தும் கூடாது என்று ஒரு சின்னப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் ஆர்செனிக் இருக்கிறது, எட்டிக்கொட்டையின் நஞ்சு இருக்கிறது, புகையிலைத் தூளும் இருக்கிறது. அக்னி அஸ்திரம் காய்ச்சும் நண்பர்கள் கோபப்படாமல் யோசிக்க வேண்டும்.

நம் கையில் ஏற்கெனவே இருக்கும் சிலது இதற்கு உதவுகிறது. ஒற்றை நாற்று நடவில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுகிறோமே, அப்போது மண்ணுக்குக் காற்றுப் போகிறது. ஆர்செனிக் மறுபடி இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. மணியில் ஏறுவது கணிசமாகக் குறைகிறது என்று பல நாட்டு வயல் ஆய்வுகள் சொல்கின்றன. மண்ணில் காட்மியம் இருந்தால் மட்டும் காயப் போடும்போது அது கூடுதலாக ஏறும், அதையும் மறைக்கக் கூடாது. அதே போல ஆர்செனிக் உள்ள மண்ணில் பச்சைத் தழையை மட்கவிடாமல் மிதித்துத் தண்ணீரும் நிறுத்தி வைத்தால் காற்று இன்னும் குறைந்து ஆர்செனிக் அதிகம் கரையும். தழை போடாதே என்று சொல்லவில்லை, தேங்கவிடாதே என்கிறேன். உமியையும் வைக்கோலையும் மண்ணுக்கே திருப்பினால் சிலிக்கா கூடி ஆர்செனிக்கோடு போட்டி போடும்.

சமையலிலும் உண்டு. அரிசியைக் கழுவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் பாதிக்குப் பாதி போகும் என்று மேற்கு வங்கத்திலேயே பார்த்திருக்கிறார்கள்; உலை நீர் நல்ல நீராக இருக்க வேண்டும். குக்கரில் வைத்தால் எல்லாம் உள்ளேயே நிற்கும். ஆனால் நம் வீட்டில் வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்துவிடுவோம். போன ஆர்செனிக் அந்த டம்ளரில் திரும்பி வரும். மாட்டுக்கு ஊற்றினாலும் அதே கதைதான்.

என் கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு குழுவும் தன் ஊர்ப் போர்களையும் கிணறுகளையும் ஒருமுறையாவது ஆய்வுக்கூடத்தில் கொடுத்து ஆர்செனிக், ஃபுளோரைடு இரண்டையும் பார்க்கட்டும். பிறகு ‘நஞ்சில்லா அரிசி’ என்று பையில் அச்சடிப்போம். நஞ்சு போடாத அரிசி என்று இன்றைக்கே சொல்லலாம், அது நம் கையில் இருக்கிற உண்மை. குழந்தை உணவாக விற்பவர்கள் கேழ்வரகும் பயறும் கலந்து கொடுக்கச் சொல்லுங்கள். அரிசி ஒன்றையே மூன்று வேளையும் ஊட்டச் சொல்லாதீர்கள்.

நான் பங்குனியில் என் போர்த் தண்ணீரைக் கொடுத்தேன். ஒரு மூட்டை அரிசிக் காசுகூட ஆகவில்லை. ஆர்செனிக் வரம்புக்கு நன்றாகக் கீழே இருந்தது. அந்தத் தாளை நெகிழி உறையில் போட்டுக் கடையில் தொங்கவிட்டேன். அடுத்த சந்தைக்கு அதே தங்கை வந்தார், இந்த முறை பாப்பா நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. போன தடவை தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லித் தாளைக் காட்டினேன். நிதானமாக முழுதும் படித்தார்.

“தண்ணிக்குப் பார்த்திருக்கீங்க. அரிசிக்குப் பார்க்கலையாண்ணா?” என்றார்.

இன்னும் பார்க்கலைம்மா என்றேன். இந்தக் குறுவை அறுத்ததும் அனுப்ப வேண்டும்.