லிங்க் திறக்கவில்லை, டீச்சர்!

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாடம் முடிகிற இடத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு கட்டம் வரும். படி 1, படி 2 என்று விளக்கம், பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடு. 2018, 2019-இல் புதிய பாடநூல்கள் வந்தபோது இதைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நாமும் உண்டு. ஆனால் அந்தக் கட்டங்கள் பலவற்றின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: தேவைப்பட்டால் ஃப்ளாஷ் பிளேயரை அனுமதிக்க வேண்டுமாம். ஃப்ளாஷை 2020 முடிவோடு நிறுத்தப்போவதாக அடோபி நிறுவனம் 2017 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. சொன்னபடி 2020 டிசம்பர் 31-இல் நிறுத்தியும் விட்டது. புத்தகம் அச்சேறும் முன்பே நாள் குறித்தாயிற்று. அச்சிட்டவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

செம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் அண்மையில் பார்த்தது இது. ஆசிரியை தன் சொந்த போனில், சொந்த டேட்டாவில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார். வெள்ளைத் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. முன் பெஞ்சுப் பையன் எழுந்து எட்டிப் பார்த்து, “லிங்க் திறக்கல, டீச்சர்” என்று தீர்ப்புச் சொல்கிறான். அவர் ஒரு காணொளித் தளத்துக்குத் தாவுகிறார். பாடத்துக்கு முன்னால் விளம்பரம். ஐந்து, நான்கு, மூன்று என்று வகுப்பே கோரஸாக எண்ணுகிறது. பிள்ளைகளுக்கு அது பழகிப்போன சடங்கு. ஒளிச்சிதறல் பாடம் தொடங்குவதற்குள் பீரியடில் பத்து நிமிடம் போய்விட்டது.

ஃப்ளாஷ் ஒன்றுதான் என்றால் விபத்து என்று விட்டுவிடலாம். உலகெங்கும் ஆசிரியர்கள் வகுப்பு நடத்திய எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுளின் ஜாம்போர்டு மின்பலகை 2024 கடைசி நாளோடு போயிற்று. ஊர் முழுக்க விளம்பரத் தட்டி வைத்த பைஜூஸ் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் வந்தது. கொரோனா காலத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து வினாடி வினாவும் ஸ்லைடும் செய்து ஏற்றிய ஆசிரியர்கள் தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டையில் எத்தனையோ பேர். தளம் மூடியதும் அந்த உழைப்பும் போய்விடுகிறது. இலவசம் என்று வந்ததற்கு எந்த நுகர்வோர் மன்றத்தில் முறையிடுவது?

அரசு தானே கருவி செய்யத் தொடங்கியது நல்ல காரியம். ‘மணற்கேணி’ செயலி 2023 ஜூலை 25-இல் வெளியிடப்பட்டது, அதுவும் நம் தாம்பரத்தில் ஒரு பள்ளியில். தோண்டத் தோண்ட ஊறும் கேணிக்கு வள்ளுவர் வைத்த பெயர், நன்றாகத்தான் இருக்கிறது. மறுநாளே, ஜூலை 26-இல், கல்வியில் தொழில்நுட்பம் பற்றிய யுனெஸ்கோவின் உலக அறிக்கை வந்தது. யாருடைய நிபந்தனையில் இந்தக் கருவி என்பதுதான் அதன் தலைப்பே கேட்ட கேள்வி. கல்வியில் தனிநபர் தகவலுக்குச் சட்டத்தில் வெளிப்படையாக உறுதி தந்த நாடுகள் 16 சதவீதமே என்றது அந்த அறிக்கை.

அந்தக் கேள்வி நம் வீடுகளில் எப்படி ஒலிக்கிறது தெரியுமா? பகல் பதினோரு மணி. அப்பா மறைமலைநகரில் ஷிப்டில் இருக்கிறார். வீட்டிலிருந்து மகள் கூப்பிடுகிறாள்: “அப்பா, உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.” மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர் ஆறு இலக்கத்தைச் சொல்கிறார். எந்தச் செயலி, என்ன கேட்கிறது, எதற்குப் பிறந்த தேதி என்று அவரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. 18 வயதுக்குட்பட்டவர் தகவலுக்குச் சரிபார்க்கக்கூடிய பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்த ஆறு இலக்கம்தான் ஒப்புதல்.

அரசுத் தளம் என்பதாலேயே நிம்மதி அடையவும் வழியில்லை. பாடநூல் க்யூஆர் கோடுகளைத் தாங்கி நிற்கும் மத்திய அரசின் ‘தீக்ஷா’ தளத்தில், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் தகவல் காப்பில்லாத சர்வரில் திறந்து கிடந்தது 2023 ஜனவரியில் அம்பலமானது. மாணவர் தகவலும் அதில் இருந்தது.

பிள்ளைகளுக்கானதை முன்கூட்டியே சோதிப்பது நமக்குப் புதிதல்ல. 2012 ஜூலையில் முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தது அந்த ஆண்டில்தான். இப்போது ஒவ்வொரு மே மாதமும் வண்டிகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, அவசர வழி, தீயணைப்பான், தரைப் பலகை வரை தட்டிப் பார்க்கிறார்கள். உயிரிழப்பையும் திறக்காத லிங்க்கையும் ஒரே தராசில் வைக்கவில்லை. பிள்ளைகள் ஏறும் வண்டியைப் பள்ளித் திறப்புக்கு முன் பார்த்தாக வேண்டும் என்ற பழக்கம் நமக்கு என்ன விலைக்கு வந்தது என்பதைத்தான் சொல்கிறோம்.

அதே மே மாதத்தில் பாடநூல் லிங்க்குகளையும் ஒருவர் உட்கார்ந்து திறந்து பார்க்கட்டும். பாடநூல் தயாரிக்கும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு இது ஆகாத வேலை இல்லை. செத்தவற்றை நீக்கி மாற்றுப் பட்டியல் விட வேண்டும். எந்தச் செயலி பிள்ளையின் போன் எண்ணும் பிறந்த தேதியும் கேட்கிறது என்பதைப் பெற்றோருக்குத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளும் ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகளும் என்று கணக்குச் சொல்லும் அரசு, உள்ளே ஓடுவதற்கும் ஒரு கணக்கு வைக்க வேண்டாமா?

வழி இல்லாமலும் இல்லை. கொலராடோ பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கிய ஃபெட் (PhET) திரைச் செய்முறைகளை இலவசமாக இறக்கி, இணையமே இல்லாமல் ஓட்டலாம், தமிழிலும் இருக்கின்றன. கணித மென்பொருளான ஜியோஜீப்ராவும் கணினியில் நிறுவிக்கொள்ளும்படி கிடைக்கிறது. இரண்டுக்கும் மாணவர் யாரும் ஓடிபி சொல்ல வேண்டியதில்லை. செம்பாக்கம் ஆசிரியை இப்போது அப்படி இறக்கியவற்றை ஒரு பென் டிரைவில் போட்டு, தொலையாமல் இருக்கச் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறார். பக்கத்து வகுப்பு ஆசிரியர் கேட்டால் சாவியோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்.