சம்மதம் கேட்டார்களா?

ஜூன் மாதம் வந்தால் காரைக்குடியில் பள்ளிச் சேர்க்கைப் படிவம் நிரப்பாத தெரு இல்லை. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் என்று கட்டம் கட்டமாகப் போகும்போது ‘மதம்’ என்ற இடத்திலும் ஒரு சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லால் பிள்ளைக்குச் சமயம் போதிக்கப் பள்ளிக்கு எந்த அனுமதியையும் நாம் கொடுத்துவிடவில்லை. இது பல பெற்றோருக்குத் தெரியாது. சில பள்ளிகளுக்கும் தெரியாது.

இந்த விஷயத்தில் இரண்டு விதக் குறைகள் காதில் விழுகின்றன. “எல்லாரும் ஒத்துக்கொள்ளும்போது அரசுப் பள்ளியில் தேவாரம் சொல்லிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?” என்பது ஒன்று. “என் பிள்ளை எதற்குச் சீறாப்புராணம் படிக்க வேண்டும்?” என்பது மற்றொன்று. எதிரெதிர்க் கட்சிகள்போலத் தோன்றும் இந்த இரண்டும் ஒரே குழப்பத்தில் பிறந்தவை. பெற்றோர் என்ற முறையில் நமக்கு எது வரை உரிமை என்பதே அந்தக் குழப்பம்.

விடை அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவில் இருக்கிறது. பள்ளி யார் பணத்தில் நடக்கிறது என்பதை அது முதலில் பார்க்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி என்றால் அங்கே சமயப் போதனை கூடாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியானாலும், நகராட்சிப் பள்ளியானாலும், அரசு மேல்நிலைப் பள்ளியானாலும் இதுதான் விதி. வகுப்பிலுள்ள அத்தனை பெற்றோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் கூடாது. பெற்றோர் சம்மதம் அங்கே செல்லாத காசு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றி விவாதம் நடந்தது. பெற்றோர் சம்மதித்தால் அரசுப் பள்ளியிலும் சமயம் கற்பிக்கலாமே என்று கேட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். அம்பேத்கர் தந்த பதில் நடைமுறை சார்ந்தது. எல்லாரும் கட்டும் வரியை ஒரு மதத்தைச் சொல்லிக் கொடுக்கச் செலவிட முடியாது. நாட்டில் உள்ள மதங்கள் அனைத்துக்கும் வகுப்பு வைக்கவும் முடியாது. தன் வழியே உண்மை என்று ஒவ்வொரு மதமும் சொல்லும்போது வகுப்பறையில் பூசல்தான் மிஞ்சும்.

செட்டிநாட்டுக்கு அதிகம் பொருந்துவது அந்தப் பிரிவின் அடுத்த பகுதி. அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளைப் பற்றியது அது. நகரத்தார் அறக்கட்டளைகளும் திருச்சபைகளும் எழுப்பிய பள்ளிகள் இங்கே நிறைய. அரசு உதவி பெறும் பள்ளி, அங்கீகாரம் பெற்ற மெட்ரிக் பள்ளி, சிபிஎஸ்இ பள்ளி எல்லாம் இந்த வகையில் வரும். இவை சமய வகுப்பு நடத்தலாம், வழிபாடும் நடத்தலாம். ஆனால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதம் தராத சிறுவனையோ சிறுமியையோ அவற்றில் கலந்துகொள்ளும்படி சொல்லக்கூடாது. சிறுபான்மையினர் தங்கள் பள்ளியை நடத்த 30ஆவது பிரிவு தரும் உரிமையும் இந்த விதியிலிருந்து விலக்குத் தரவில்லை.

இங்கே ஒரு நுட்பம். இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தொடங்கிச் சமய வகுப்பு எல்லாருக்கும் உண்டு; வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் விலக்குக் கேட்க வேண்டும். நம் சட்டம் அதைத் தலைகீழாகப் போட்டிருக்கிறது. நாம் சரி என்று சொன்னால்தான் உண்டு. “யாரும் ஆட்சேபிக்கவில்லையே” என்று ஒரு தலைமையாசிரியர் சொன்னால் அது பதிலாகாது. கேட்டீர்களா என்பதுதான் கேள்வி. கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரித்து நடத்துவது நல்ல வழக்கம். ஆனால் காலைக் கூட்டத்தில் எல்லாரையும் நிறுத்திவைத்து ஒரு சமயத்தின் வழிபாட்டை நடத்தினால், அங்கேயும் சம்மதம் வேண்டும். சரஸ்வதி பூஜைக்கும் இதே அளவுகோல்தான்.

இனி அந்தச் சீறாப்புராணக் குறைக்கு வருவோம். சமய இலக்கியத்தைப் படிப்பது வேறு, சமயத்தைப் போதிப்பது வேறு. மதங்களைப் பற்றிக் கற்பிப்பதை 28ஆவது பிரிவு தடுக்கவில்லை என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைக் காரைக்குடிக்காரர்களுக்கு விளக்க உச்ச நீதிமன்றம்கூடத் தேவையில்லை. சா. கணேசன் 1939இல் இங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயில் வாழ்நாளெல்லாம் கம்பனில் தோய்ந்து நூல்கள் எழுதினார். இறுதிவரை இஸ்லாமியராகவே இருந்தார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரையும் வீரமாமுனிவரையும் தமிழ்ப் பாடமாகப் படிக்கும் பிள்ளைக்கு ஓர் ஆபத்தும் இல்லை. அந்தப் பாடத்தை நீக்கச் சொல்லும் உரிமையைப் பெற்றோருக்குச் சட்டமும் தரவில்லை.

போதனை எப்படி இருக்கும் என்று அறிய 2024ஐ நினைத்துக்கொள்ளலாம். சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் மாணவிகளுக்கு ஊக்கமூட்ட வந்த பேச்சாளர் ஒருவர், உடல் குறைபாட்டுக்கு முற்பிறவி வினையைக் காரணம் காட்டினார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து கேள்வி கேட்டார். பிறகு பேச்சாளர் கைதானதும் தலைமையாசிரியர் இடமாற்றப்பட்டதும் செய்தியாயின. என் கண்ணுக்கு அந்த ஆசிரியரின் கேள்விதான் அன்றைய நல்ல பாடம்.

அரசுப் பள்ளியில் சமயப் போதனையை எதிர்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1846இல் சென்னை ஆளுநர் ட்வீடேல் அரசுப் பள்ளியில் பைபிளைப் பாடமாக்க முனைந்தபோது, சென்னை வணிகர் கஜுல லட்சுமிநரசு செட்டியும் நகர மக்களும் எதிர்த்து நின்றார்கள். இலண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் வேறு ஏற்பாடு. இலங்கை அரசுப் பள்ளிகளில் சமயம் ஒரு பாடம். சைவப் பிள்ளை சைவ நெறியும் முஸ்லிம் பிள்ளை இஸ்லாமும் படிக்கிறது. நமக்கு அது வேண்டுமா என்று வாதிடலாம். ஆனால் அதற்கு அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருக்கும்.

பிள்ளைக்குச் சமயம் சொல்லிக் கொடுக்கும் உரிமை பறிபோகிறது என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த உரிமை வீட்டிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் முழுசாக இருக்கிறது. ஒன்பது நகரக் கோயில்களில் தன்னுடையது எது என்று நகரத்தார் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்திலா தெரிந்துகொண்டது? தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு அப்பச்சியோடு நடந்த பிள்ளைக்கு வகுப்பறையில் முருகனைப் பற்றித் தனியாகப் பாடம் வேண்டாம்.

உதவி பெறும் பள்ளிகளின் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த சேர்க்கைப் படிவத்தில் “சமய வகுப்பிலும் வழிபாட்டிலும் என் பிள்ளை கலந்துகொள்ளச் சம்மதம் / சம்மதமில்லை” என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாத படிவம் கையில் வந்தால், பெற்றோரே, ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் விருப்பத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.