மலாக்காவில் எத்தனை அணிகள்?

2027இல் மலேசியாவில் புதிய பள்ளிப் பாடத்திட்டம் வருகிறது. வரலாற்றில் யாருக்கு எத்தனை பக்கம் என்ற இழுபறி அதற்கு முன்பே வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம்மவர்கள் ராஜேந்திர சோழனுக்கு எத்தனை பத்தி என்று எண்ணுகிறார்கள். மலாய்க்காரர் பக்கம், 1453இல் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த உதுமானிய சுல்தான் முகமது அல்-ஃபாத்தே இல்லாமல் செராமா களைகட்டுவதில்லை.

2020க்கு முன்பிருந்த படிவம் நான்கு வரலாற்று நூலைப் புரட்டிப் பாருங்கள். 10 அத்தியாயங்களில் 5 இஸ்லாமிய நாகரிகமும் அதன் பரவலும். சரிபாதி! 2013 முதல் இந்தப் பாடத்தில் தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. ஐந்து அத்தியாயம் படித்த பிள்ளைக்கு, அல்-ஃபாத்தேயின் பெரும் பீரங்கியை வார்த்தவன் ஓர்பன் என்ற ஹங்கேரிக் கிறிஸ்தவன் என்பதாவது தெரியுமா?

உதுமானியருக்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் நடந்தது பிறைக்கும் சிலுவைக்குமான சண்டை என்பது மேடைக்கு வசதியான கதை. ஹாப்ஸ்பர்க் பேரரசன் சார்லஸை மடக்க பிரெஞ்சு மன்னன் முதலாம் பிரான்சுவா சுல்தான் சுலைமானோடு கைகோத்தான். 1543இல் உதுமானியத் தளபதி பார்பரோசாவின் கடற்படை பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து நீஸ் நகரை முற்றுகையிட்டது. குளிர்காலத்தைத் தூலோன் துறைமுகத்தில் கழித்தது. ‘அது விதிவிலக்கு’ என்பார்கள். 1798இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கும்வரை அந்த நட்பு ஓடியது. இரண்டரை நூற்றாண்டுக்கு ஒரு விதிவிலக்கா? 1683இல் வியன்னாவை உதுமானியர் முற்றுகையிட்டபோது ஹங்கேரிப் புராட்டஸ்டண்ட் தலைவன் தெக்கேலி அவர்கள் பக்கம்தான் நின்றான். இதற்கு மேலும் ‘நாகரிகங்களின் மோதல்’ பேசுகிறவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை.

நம் வாசலுக்கே வருவோம். 1560களில் அச்சே சுல்தான், மலாக்காவைப் பிடித்துவைத்திருந்த போர்த்துக்கீசியரை விரட்ட இஸ்தான்புல்லிடம் பீரங்கி கேட்டுத் தூது அனுப்பினார். 1568இல் அச்சே மலாக்காவை முற்றுகையிட்டபோது ஜோகூர் சுல்தான் யாருக்கு உதவக் கப்பல் அனுப்பினார்? போர்த்துக்கீசியருக்கு! 1564இல் அச்சே ஜோகூரைச் சூறையாடியதை அவர் மறக்கவில்லை. மார்க்கம் ஒன்றுதான் என்பது அந்தக் காயத்தை ஆற்றவில்லை.

நம்மவர் மட்டும் என்ன? மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு உதவிய இந்து வணிகர் நைனா சத்துவுக்கு, 1511இல் ஊரைப் பிடித்த போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் பெண்டஹாரா பதவி தந்தார். இவரைப் பற்றி நம் சங்க மேடைகளில் மூச்சே வராது. புதிய நூலில் ராஜேந்திரனுக்குப் பக்கம் கேட்பவர்கள் நைனா சத்துவுக்கும் கேட்கட்டும். அல்-ஃபாத்தேயைக் கேட்பவர்கள் ஓர்பனையும் சேர்த்துக் கேட்கட்டும். இந்த இருவரையும் படிவம் நான்கில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால், ஒற்றுமைத்துறை அமைச்சையே இழுத்து மூடிவிடலாம்.